அமெரிக்காவின் கடன் சண்டைக்குள் நிறம் எங்கிருந்து வந்தது?

1992 அக்டோபர் 15. வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் பல்கலைக்கழக அரங்கு. அதிபர் தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. மேடையில் அதிபர் ஜார்ஜ் புஷ், அவரை எதிர்த்து நிற்கும் பில் கிளின்டன், சுயேச்சையாக நிற்கும் கோடீஸ்வரர் ராஸ் பெரோ. அன்று கேள்வி கேட்டவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்த சாதாரண மக்கள்தான். ஓர் இளம் கறுப்பினப் பெண் மைக்கை வாங்கிக் கேட்டார்: நாட்டின் கடன் உங்கள் ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கையையும் எப்படிப் பாதித்திருக்கிறது? பாதிக்கவில்லை என்றால், எங்களைப் போன்றவர்களின் கஷ்டத்துக்கு நீங்கள் எப்படி மருந்து கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தது கேமராவில் பதிவாகிவிட்டது. அது அவர் மானத்தை வாங்கியது. பதில் சொல்ல வந்தபோதும் அவருக்குத் தடுமாற்றம். கேள்வி புரியவில்லை என்றே சொல்லிவிட்டார். நிகழ்ச்சியை நடத்திய கேரல் சிம்ப்சன் உதவிக்கு வந்தார்: அவர் கேட்பது கடனைப் பற்றி அல்ல, பொருளாதார மந்தத்தைப் பற்றி என்று நினைக்கிறேன். கிளின்டன் அந்தப் பெண்ணின் அருகிலேயே போய், வேலையும் வீடும் பறிபோனவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்களா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

தேர்தல் நிபுணர்கள் இன்றைக்கும் அந்தக் கடிகாரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அவர் கேட்டது கடன். அவர் மனதில் இருந்தது வேலை, வீடு, அன்றாடச் செலவு. பொருளாதார வகுப்பில் இதைக் குழப்பம் என்பார்கள். ஆனால் அமெரிக்க வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், கடன் என்று பேச ஆரம்பித்து வேறு எதையோ பேசி முடிப்பது அங்கே இருநூறு வருடப் பழக்கம் என்பது தெரியும். அந்த வேறு எதையோ என்பதில் இனமும் நிறமும் அடிக்கடி வரும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு

ஓர் ஆண்டில் அரசுக்கு வரும் வரவைவிடச் செலவு அதிகமானால், அந்த வித்தியாசம் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட அரசு கடன் பத்திரம் விற்கிறது. இப்படி ஆண்டாண்டாகச் சேர்ந்தது மொத்தக் கடன். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசின் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர், வரவு 4.9 லட்சம் கோடி, பற்றாக்குறை 1.8 லட்சம் கோடிக்கு மேல். மொத்தக் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. (அவர்கள் டிரில்லியன் என்பது நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி.) நியூயார்க்கில் இந்தக் கடனைக் காட்டுவதற்கென்றே 1989-ல் ஒரு பெரிய மின்பலகை வைத்தார்கள். 2008-ல் கடன் 10 லட்சம் கோடியைத் தொட்டபோது அதில் இலக்கம் போதவில்லை. டாலர் குறி இருந்த கட்டத்தையும் எண்ணுக்கே கொடுத்துச் சமாளித்தார்கள்.

கடன் கொடுத்தது யார்? சீனா என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாடுகளின் பங்கு மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று. அதிலும் முதலிடம் ஜப்பானுக்கு. மீதியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது: ஓய்வூதிய நிதிகள், வங்கிகள், தனிமனிதர்கள், அவர்களுடைய மைய வங்கி, அரசே நடத்தும் முதியோர் ஓய்வூதிய நிதி. அதாவது அமெரிக்க அரசு தன் மக்களுக்கே பெரிய கடனாளி.

அரசியல்வாதிகள் இதைக் குடும்பக் கணக்கோடு ஒப்பிடுவார்கள்: வீட்டில் வரவுக்குள் செலவு செய்யவில்லையா, அரசு மட்டும் ஏன் செய்யக்கூடாது? கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குடும்பத் தலைவர் ஒருநாள் ஓய்வு பெறுவார், சொந்தமாக நோட்டு அச்சடிக்க மாட்டார். அரசு பழைய பத்திரத்தைப் புதுப் பத்திரம் விற்று அடைத்துக்கொண்டே போகலாம். அதற்காகக் கவலையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 2024-ல் வட்டிக்கு மட்டும் போனது சுமார் 88,000 கோடி டாலர். உலகிலேயே அதிகச் செலவு வைக்கும் தங்கள் ராணுவத்துக்கு அவர்கள் செலவழித்ததைவிட அது அதிகம்.

அப்புறம், கடன் உச்சவரம்பு. இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக்கூடாது என்று சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. 1917-ல் முதல் உலகப்போர்ச் செலவின்போது வந்த ஏற்பாடு இது. செலவுக்கு ஒப்புதல் கொடுப்பதும் அதே நாடாளுமன்றம், கடைசியில் பணம் கட்ட அனுமதி மறுப்பேன் என்று மிரட்டுவதும் அதே நாடாளுமன்றம். இந்தக் கூத்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் கடன் என்பது அடிப்படையில் ஒரு வாக்கு. பத்திரம் வாங்கியவருக்கு அரசு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. முதியவருக்கு ஓய்வூதியம் தருவதாக ஒரு வாக்கு. குழந்தைக்குப் பள்ளி என்று ஒரு வாக்கு. பணம் பற்றாதபோது எந்த வாக்கை முதலில் காப்பாற்றுவது, யாரிடம் கைவிரிப்பது? இந்த வரிசையைத் தீர்மானிப்பதுதான் உண்மையான சண்டை. அடிமைமுறையோடு பிறந்த ஒரு நாட்டில் அந்த வரிசை நிறம் பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களோடு வடக்கு நடத்திய உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபோது அமெரிக்க அரசின் கடன், போருக்கு முன் இருந்ததைப்போல நாற்பது மடங்காகியிருந்தது. ஆறரைக் கோடி டாலர் சுமார் 270 கோடியாயிற்று. தோற்ற தென்மாநிலங்களும் தங்கள் போருக்குத் தனியாகப் பத்திரம் விற்றிருந்தன. அதோடு, விடுதலையான 40 லட்சம் அடிமைகளை முதலாளிகள் தங்கள் சொத்து என்று கணக்கு வைத்திருந்தார்கள். தென்மாநிலக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குத் திரும்பி வந்ததும் என்ன செய்வார்கள்? வடக்கின் போர்க்கடனைக் கட்டாதே என்பார்களா? எங்கள் கடனையும் சேர்த்துக் கட்டு, போன அடிமைகளுக்கு நஷ்டஈடு கொடு என்பார்களா? வடக்கே இது நிஜமான பயமாக இருந்தது.

1868-ல் நிறைவேறிய 14-வது திருத்தத்தின் 4-வது பிரிவு இதற்கான பதில். இதே திருத்தத்தின் முதல் பிரிவுதான் அமெரிக்காவில் பிறந்த ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தது. அதை எல்லோரும் படிக்கிறார்கள், நாலாவது பிரிவு வரை அவ்வளவாக யாரும் போவதில்லை. அது சொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று: சட்டப்படி வாங்கிய அமெரிக்க அரசின் கடனை, கலகத்தை அடக்கியவர்களுக்கான ஓய்வூதியம் உட்பட, யாரும் கேள்வி கேட்கக்கூடாது. இரண்டு: கலகத்துக்கு உதவ வாங்கிய கடனையும், அடிமைகளை இழந்ததற்கான எந்தக் கோரிக்கையையும் யாரும் கட்டக்கூடாது, அவை செல்லாது. நாட்டின் கடனும் அடிமைமுறையும் ஒரே பத்தியில்!

இரண்டாவது பகுதி காற்றில் வந்ததல்ல. 1862-ல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது, ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுக்க முடிவானது. பணம் வாங்கியது முதலாளிகள். விடுதலையானவர்களுக்கு, நாட்டைவிட்டே போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை உதவி, தங்கினால் ஒன்றுமில்லை.

முதல் பகுதிக்கு விசித்திரமான ஆயுள். உள்நாட்டுப் போர் வீரர் ஒருவரின் மகள், வட கரோலினாவில் 2020 மே மாதம் வரை மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். போர் முடிந்து 155 ஆண்டுகள்! ஒரு வருடம் முன்னால்தான், 2019-ல், செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், அடிமைகளின் வாரிசுகளுக்கு இழப்பீடு என்ற யோசனையை மறுத்திருந்தார்: 150 ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு இன்று உயிரோடிருக்கும் யாரும் பொறுப்பல்ல. அந்த வாதத்துக்கு ஆதரவு நிறைய உண்டு. யாருக்கு, எவ்வளவு, யார் கட்டுவது என்ற நடைமுறைக் கேள்விகளும் நியாயமானவை. ஆனால் அரசுகள் இறந்தவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

வர்ஜீனியாவில் நடந்தது

கடன், இனம், கட்சி மூன்றும் முடிச்சுப் போட்டுக்கொண்டதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், அது 1870களின் வர்ஜீனியா. இது மாநிலக் கடன்தான், நாட்டுக் கடன் அல்ல. ஆனாலும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போருக்கு முன் வர்ஜீனியா கால்வாயும் ரயில்பாதையும் போடக் கடன் வாங்கியிருந்தது. போர் முடிந்தபோது பாதை பாதி நாசம், மாநிலத்தில் ஒரு பகுதி பிரிந்து மேற்கு வர்ஜீனியா ஆகிவிட்டது, ஆனால் கடன் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டே போய்ச் சுமார் 4.5 கோடி டாலரானது. 1871-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: மூன்றில் ஒரு பங்கை மேற்கு வர்ஜீனியா தலையில் வைத்து, மீதியை முழு வட்டியோடு கட்டுவோம். பத்திரத்தோடு இணைந்த வட்டிச் சீட்டைக் கொடுத்தே வரியும் கட்டலாம். விளைவு, கஜானாவுக்குக் காசுக்குப் பதில் காகிதம் வந்து சேர்ந்தது. அப்போதுதான் தொடங்கியிருந்த இலவசப் பொதுப்பள்ளிகளின் பணம் வட்டிக்குப் போனது. நிறையப் பள்ளிகள் மூடப்பட்டன. அன்றைய ஆளுநர் ஃபிரெடரிக் ஹாலிடே, பள்ளி என்பது ஆடம்பரம், வேண்டியவர்கள் காசு கொடுத்துப் படிக்கட்டும் என்ற கருத்துக்காரர்.

மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. கடனை ஒரு காசு குறைக்காமல் கட்டுவதே மாநிலத்தின் மானம் என்றது ஒரு தரப்பு. பெரும்பாலும் பழைய மேட்டுக்குடி. கடனைக் குறைத்து மறுசீரமைக்க வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. இவர்களின் தலைவர் வில்லியம் மஹோன். ஆள் யார் தெரியுமா? அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்படையின் தளபதி. அவருக்குப் பின்னால் மலைப்பகுதி ஏழை வெள்ளை விவசாயிகள் திரண்டார்கள். அது போதவில்லை. கறுப்பின வாக்காளர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் எளிமையானது: எங்களை விற்று வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் வாங்கிய கடன் அது, அதற்காக எங்கள் பிள்ளைகளின் பள்ளியை ஏன் மூட வேண்டும்?

அந்தக் கூட்டணி 1879-ல் சட்டமன்றத்தைப் பிடித்தது, 1881-ல் ஆளுநர் பதவியையும் பிடித்தது. 1882-ல் கடனைச் சுமார் 2.1 கோடியாக வெட்டினார்கள். பள்ளிகளுக்குப் பணம் திரும்பியது. வாக்களிக்க ஆளுக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று விதித்து, ஏழைகளை, முக்கியமாகக் கறுப்பர்களை, வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் வைத்திருந்த தலைவரியை ஒழித்தார்கள். சாட்டையடித் தண்டனை போயிற்று. பீட்டர்ஸ்பர்க் அருகே கறுப்பின மாணவர்களுக்கு அரசே நடத்தும் உயர்கல்வி நிலையம் வந்தது; இன்றைய வர்ஜீனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அதுதான்.

இனி வருவதுதான் கதையின் மையம். 1883 தேர்தலுக்கு எதிர்த்தரப்பு எப்படித் தயாரானது? மாநிலத்தின் மானம் என்று பத்து வருடமாகக் கத்திக்கொண்டிருந்த அந்தக் கடன் விவகாரத்தை ஓசைப்படாமல் கைவிட்டது. மஹோன் வெட்டிய தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் வெள்ளையர் ஆதிக்கத்தை முழக்கமாக்கியது. (அந்நாளில் தெற்கே வெள்ளையர் கட்சி அதுதான். இன்றைய ஜனநாயகக் கட்சியை மனதில் வைத்துப் படித்தால் தலை சுற்றும்.) டான்வில் நகரில் கறுப்பர்கள் நகரமன்றத்திலும் காவலிலும் இடம் பெற்றிருந்ததைக் காட்டி, வெள்ளையர்கள் அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று துண்டறிக்கை போட்டார்கள். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 3 அன்று, டான்வில் தெருவில் தகராறு முற்றித் துப்பாக்கிச் சூடானது. இறந்தவர்களில் நான்கு பேர் கறுப்பர்கள், ஒருவர் வெள்ளையர். பயம் வேலை செய்தது. கூட்டணி தோற்றது. 1902-ல் வந்த மாநிலத்தின் புது அரசியல் சட்டம் தலைவரியைத் திரும்பக் கொண்டுவந்து, கறுப்பின வாக்காளர்களைப் பெருமளவு பட்டியலிலிருந்தே துடைத்தெறிந்தது.

உயிர்போகும் கொள்கை என்று சொல்லப்பட்ட கடன் ஒரு தேர்தலோடு காணாமல் போனது. நிறம் நிலைத்தது. கடன் விவாதத்தில் யாராவது மானம், நேர்மை, எதிர்காலத் தலைமுறை என்று கண்ணீர் விடும்போதெல்லாம் எனக்கு இந்த 1883 நினைவுக்கு வந்துவிடும்.

பெயர் சொல்லாமல் பேசுவது

இருபதாம் நூற்றாண்டில் பேச்சு நாகரிகமானது. 1935-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது அதில் நிறம் என்ற சொல்லே இல்லை. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் விலக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் செய்த வேலையே அவைதான். தென்மாநில அரசியல்வாதிகளின் வேலையா, அல்லது கூலி வேலையில் வரி வசூலிக்க முடியாது என்ற நிர்வாகச் சிக்கலா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வெளியே நின்றவர்களுக்குக் காரணம் எதுவானாலும் பலன் ஒன்றுதான். 1950களில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

1960களில் கறுப்பர்களுக்குச் சம உரிமை தரும் சட்டங்கள் வந்தபின் தெற்கு வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்தார்கள். 1976 பிரசாரத்தில் ரொனால்ட் ரீகன், சிகாகோவில் பல பெயர்களில் அரசு உதவி வாங்கி ஏமாற்றும் ஒரு பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அவர் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்டவர்கள் மனதில் ஒரு முகம் வந்தது. 1981-ல், அப்போது ரீகன் அரசில் இருந்த தேர்தல் வியூகக்காரர் லீ ஆட்வாட்டர் ஓர் அரசியல் ஆய்வாளரிடம் இதை வெளிப்படையாகவே விளக்கினார்: 1954-ல் வசைச்சொல்லையே சொல்லலாம், 1968-ல் சொன்னால் நமக்கே கெடுதல், எனவே மாநில உரிமை என்றோம், இப்போது வரிக்குறைப்பு என்று பேசுகிறோம், அதில் கறுப்பர்கள் அதிகம் அடிபடுவது ஒரு பக்கவிளைவு. ஒலிநாடாவே இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு, கடனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்று முடிவுகட்டினால் அது அபத்தம். வட்டி நிஜம், 88,000 கோடி நிஜம். அந்தக் கவலை எந்த நிறத்துக்காரருக்கும் வரலாம். வேறொன்றைக் கவனியுங்கள். கடனுக்குக் காரணம் என்று மேடையில் காட்டப்படுவதும், பட்ஜெட்டில் பணம் போகும் இடமும் ஒன்றா? ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்க உதவி போன்றவற்றுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுப்பது ஆண்டுக்கு 1,650 கோடி டாலர். 1996 முதல் அதே தொகை, விலைவாசி ஏறினாலும் ஏறவில்லை. மொத்தச் செலவில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. உணவு உதவி சுமார் 10,000 கோடி. அதை வாங்குவோரில் மற்ற எந்த இனத்தவரையும்விட வெள்ளையர்களே எண்ணிக்கையில் அதிகம். முதியோர் ஓய்வூதியமோ சுமார் 1.46 லட்சம் கோடி! அதைத் தொடுவேன் என்று எந்தக் கட்சியும் மேடையில் சொல்லாது. ஓட்டு போய்விடும்.

கட்சிகளின் நடத்தையையும் பாருங்கள். 2011-ல் பராக் ஒபாமா அதிபர். கடன் உச்சவரம்பை உயர்த்த மறுத்துக் குடியரசுக் கட்சியினர் நாட்டைத் திவால் விளிம்பு வரை கொண்டுபோனார்கள், கடன் கட்டும் திறனை மதிப்பிடும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் தர மதிப்பீட்டையே குறைத்தது. எதிர்த்தவர்களில் சிலர், முந்தைய ஆட்சியில், அதாவது கடிகாரம் பார்த்த புஷ்ஷின் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில், வங்கிகளுக்குப் பணம் கொடுத்தபோதும் எதிர்த்தவர்கள்; அவர்களைக் கொள்கைக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் டொனால்ட் டிரம்ப்பின் முதல் ஆட்சியில், கொரோனாவுக்கு முன்பே, பற்றாக்குறை 2016-ன் 58,500 கோடியிலிருந்து 2019-ல் 98,400 கோடியாக ஏறியது. அந்தக் கூச்சலில் பாதிகூட இல்லை. ஜனநாயகக் கட்சியினரும் சளைத்தவர்கள் அல்ல: எதிரணி ஆட்சியின் வரிக்குறைப்பு என்றால் கடன் அவர்கள் கண்ணுக்குப் பூதாகரமாகத் தெரியும், தங்கள் திட்டம் என்றால் முதலீடாகிவிடும்.

அடுத்த பெரிய மோதலுக்குத் தேதிகூடத் தெரியும். முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீரும் என்று அதன் பொறுப்பாளர்களே 2025-ல் கணித்திருக்கிறார்கள். அதற்குள் நாடாளுமன்றம் எதுவும் செய்யாவிட்டால் ஓய்வூதியம் தானாகவே நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்படும். வரியை உயர்த்தலாம், தொகையைக் குறைக்கலாம், இன்னும் கடன் வாங்கலாம்; வேறு வழி பெரிதாக இல்லை. இந்த முறை வரிசை தலைகீழாக இருக்கும். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் வெள்ளையர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 18 வயதுக்குக் கீழே வெள்ளையர்கள் பாதிக்கும் குறைவு (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைச் சேர்க்காமல்). பெரும்பாலும் வெள்ளையர்களான முதியவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வரியை, பல நிறங்களில் வளர்ந்து வரும் இளைஞர்கள்தான் கட்டப் போகிறார்கள்.